எழுபத்தொன்றாவது ராடு

மூலனூருக்குத் தெற்கே ஒரு காட்டில்
ரிக் வண்டி இரைந்த இரைச்சலுக்குள்
பாவாயி அக்கா சொன்னது
ஆயிரத்தி நானூத்திப் பத்து அடி.
என் காதில் விழுந்தது
ஆயிரத்தி நூத்தி நாப்பது.
தண்ணீரில்லை, வெறும் புழுதி.
அதை மட்டும் சரியாக எழுதினேன்.

ஆறு மணிக்குள் எட்டுச் செய்தி வேண்டும்.
சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று கூலி,
பெட்ரோல் என் கணக்கு.
பெயர் போடமாட்டார்கள்,
'நமது நிருபர்' என்று போடுவார்கள்.
எல்லாப் பேப்பரிலும் அவரேதான்.
முகமில்லாத அந்த மனிதரிடம் எடுத்தால்
யாரிடம் திருடியதாகும்?

மறுநாள் மூன்று பேப்பரில் அதே புழுதி.
'வானம் பார்த்த பூமி வாய் பிளந்தது' என்று
நான் ஆசையாகப் போட்ட முதல் வரியை
ஒருவன் 'வாய் திறந்தது' என்று மாற்றியிருந்தான்.
உழைப்பு அவ்வளவுதான்.
நூத்தி நாப்பதை யாரும் தொடவில்லை.
முதலில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டார்.
"ஏனுங் தம்பி, ரிக்குக்காரன் பில்லுல
ஆயிரத்தி நானூத்திப் பத்துனு இருக்குது.
பேப்பர்ல வேற கணக்கு.
மிச்சம் எரநூத்தி எழுவது அடிக் காச
நான் பொறந்த ஊட்டுக்குக் குடுத்துட்டன்னு
கொழுந்தன் பஞ்சாயத்து வெச்சுட்டானுங்.
ஒரு பேப்பர்னா தப்புங்கலாமாம்,
நாலு பேப்பருமா பொய் சொல்லும்ங்கறான்."

அப்போதுதான் உறைத்தது.
என் செவிட்டுக் காது
நான்கு சாட்சியாகப் பெருகி
ஒரு பெண்ணுக்கு எதிரே போய் நிற்கிறது.

மூவரையும் கூப்பிட்டேன்.
தாராபுரத்து நாகமாணிக்கம்,
"எடிஷன் முடியற நேரம்ணா" என்று வைத்துவிட்டான்.
இன்னொருவன்,
"குரூப்ல வந்துதுங்க, யாரு போட்டதுன்னு யாரு பாத்தா?"
மூன்றாமவன் சென்னியப்பன்.
கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னான்:
"போன மாசம் மஞ்சள் வெலை எங்கிருந்துங்க எடுத்தீங்க?"

அவனுடையதுதான்.
ஈரோட்டுப் பக்கமே நான் போகவில்லை.
ஐந்து ஐம்பதுக்கு எடுத்து
வரிகளை முன்பின்னாக்கி
ஐந்து ஐம்பத்தைந்துக்கு அனுப்பினேன்.
அந்த ஐந்து நிமிடம் எனக்கு
ஒன்றுமே தோன்றவில்லை என்பதுதான்
இப்போது உறுத்துகிறது.

டெஸ்க்கில் சண்டை போட்டு
மூன்று வரித் திருத்தம் வாங்கினேன்.
ஏழாம் பக்கம், கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே.
செய்தியை எடுத்தவர்கள்
திருத்தத்தை எடுக்கவில்லை.

மறுபடி சென்னியப்பனைக் கூப்பிட்டேன்.
சத்தியமெல்லாம் வேண்டாம்.
எடுத்தால் எடுத்த இடத்தைச் சொல்லுவோம்.
போக முடியாத ஊருக்கு ஒரு போனாவது போடுவோம்.
முதலில் போனவன் பெயரைக்
கடைசி வரியிலாவது வைக்கச் சொல்லிக் கேட்போம்.
டெஸ்க் வெட்டும்.
மறுநாளும் கேட்போம்.
"வெட்டுன வரிக்குக் கூலியும் வெட்டுவாங்க" என்றான்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "அந்தக்கா ஊடு எங்கீங்க?"

ஞாயிற்றுக்கிழமை வந்தான்.
அக்கா ஒரு பவுடர் டப்பாவைத் தரையில் கவிழ்த்தார்.
மக்காச்சோளம்.
ராடு ஒன்று இருபதடி.
ஒவ்வொன்று இறங்கும்போதும்
ஒரு மணியை முந்தானையில் முடிந்திருக்கிறார்.
கடைசி ராடு பாதிதான் இறங்கியது.
நான் இரைச்சலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு
நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளி
இந்தக் கணக்கு நடந்திருக்கிறது.

எண்ணினேன். எழுபத்தொன்று.
"குறிச்சுக்கப்பா" என்றேன் சென்னியப்பனிடம்.
"இருங்க" என்று குத்தவைத்து உட்கார்ந்து
முதலிலிருந்து அவனாக எண்ணினான்.
எழுபது.
அக்காவுக்குச் சிரிப்பு.
அவன் முட்டியோரம் ஒரு கோழி
எதையோ விழுங்கிவிட்டுத் தலையைத் தூக்கியது.

எழுபது என்றே நோட்டில் எழுதினான்.
தப்புதான்.
அவனே எண்ணின தப்பு.